சி டிரைவ் சிவந்து நின்றால்: டிஸ்க் பிரிவுகளைக் கூட்டிக் குறைக்கையில் வரும் கோளாறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் கம்பியூட்டர் திருத்தும் மேசைக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான்: “அண்ணே, சி நிறைஞ்சிருச்சு, டி-யில எடம் சும்மா கெடக்குது. அதை எடுத்து இதுல போட ஏலுமா?”

ஏலும். ஆனால் அந்த டி-யில் கிடப்பது தோட்டத்து ஒபிஸின் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) கோப்பாகவோ, பாடசாலையின் தவணைப் புள்ளிகளாகவோ, யாரோ ஒருவரின் கலியாண வீடியோவாகவோ இருக்கும். அதனால் அவசரப்படாமல் அறிகுறியைப் பார்த்து இறங்குவோம். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவானது கடைசியில்.

சி, டி என்று தெரியும் பிரிவுகள் (பார்ட்டிஷன்கள்) டிஸ்க்கில் லயத்துக் காம்பராக்கள் மாதிரி ஒரே வரிசையில் நிற்கின்றன. வலது பக்கத்துக் காம்பரா காலியாக இருந்தால் நடுச்சுவரை இடித்து உங்களுடையதைப் பெரிதாக்கலாம். நாலு கதவு தள்ளிக் காலியாக இருந்து பயனில்லை. ஒரு பிரிவின் வலது ஓரத்தை நகர்த்துவது சில நிமிட வேலை. இடது ஓரத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனை தரவும் இடம்பெயர வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் நின்றால் பாதி அங்கே, பாதி இங்கே. எதைச் செய்வதற்கு முன்னும் எந்த ஓரம் நகரப்போகிறது என்று பாருங்கள். நான் பார்த்த தரவு இழப்புகளில் பெரும்பாலானவை இடது ஓரத்தில் நடந்தவை, மிச்சம் தப்பான பட்டனில் நடந்தவை.

கை வைப்பதற்கு முன்

சி-யில் இருப்பதை டி-க்குப் பிரதி எடுப்பது பேக்அப் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க். வேறொரு வெளி டிஸ்க்கில் போடுங்கள், பிறகு அதை வேறு கம்பியூட்டரில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். பெயர் தெரிவது போதாது, திறக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீல நிறத்தில் ‘குட்’ காட்டினால் தொடரலாம். மஞ்சளில் ‘காஷன்’ காட்டினால், குறிப்பாக 05, சி5, சி6 வரிகளில் பூச்சியம் அல்லாத எண் தெரிந்தால், அளவு மாற்றும் எண்ணத்தை அங்கேயே விடுங்கள். அந்த டிஸ்க்குக்குத் தேவை பிரதி எடுத்துவிட்டு ஓய்வு.

மூன்றாவது கரண்ட். ஆனி, ஆடிக் காற்றில் சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி பிற்பகல்களில் இடி. லெப்டொப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ்; முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் செருகியே வையுங்கள். டெஸ்க்டொப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறது என்பதும் போதாது: வேலையைத் தொடங்கும் முன், முக்கியமான எதுவும் திறந்திருக்காதபோது, சுவர் ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பத்து நிமிடம் தாங்காத யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள். காலையில், வானம் தெளிவாக இருக்கும்போது தொடங்குவது நல்லது.

அறிகுறி 1: சி சிவந்திருக்கிறது, டி-யில் தாராளமாக இடம்

அளவு மாற்றாமலே தீரக்கூடியது இது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து தற்காலிகக் கோப்புகளைப் பாருங்கள். பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பழைய விண்டோஸின் முழுப் பிரதி அங்கே கிடக்கும். பல ஜிபி பிடிக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அழிக்கலாம். அடுத்து டவுன்லோட்ஸ், வாட்ஸ்அப் கோப்புகள். டவுன்லோட்ஸை மொத்தமாக டிக் போட்டு அழித்துவிட வேண்டாம், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் அதற்குள்தான் இருக்கும்.

அப்புறம் டொகியூமென்ட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் வலது கிளிக் செய்து, புரொபர்ட்டீஸ், லொகேஷன் போய் அவற்றை டி-க்கு மாற்றலாம். பிரிவு ஒன்றையும் தொடவில்லை, இடம் கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் அடுத்த அறிகுறி.

அறிகுறி 2: ‘எக்ஸ்டெண்ட் வொலியூம்’ மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப் பாதியில் தெரியும் படத்தில் சி-க்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் என்ன இருக்கிறது?

*கறுப்புப் பட்டை எங்குமே இல்லை என்றால்*, ஒதுக்காத இடமே இல்லை. டி-யைச் சுருக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டி-யைச் சுருக்கும்போது இடம் அதன் வலது முனையில் விழும், சி-க்குப் பக்கத்தில் வராது. எக்ஸ்டெண்ட் மங்கியேதான் கிடக்கும்.

*நடுவில் டி நிற்கிறது என்றால்* இரண்டு வழி. டி-யின் இடது ஓரத்தை ஒரு மென்பொருளால் நகர்த்துவது ஒன்று. டி-யை முழுதாக வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, சரிபார்த்து, டி-யை அழித்து, சி-யைப் பெரிதாக்கி, மிச்சத்தில் புது டி உருவாக்கித் திருப்பிப் போடுவது மற்றது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வேன். நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் எந்த நிமிடத்தில் கரண்ட் போனாலும் தரவின் ஒரு முழுப் பிரதி எங்கேயாவது இருக்கும். டி-யில் மென்பொருள்கள் நிறுவியிருந்தால் புதிய பிரிவுக்கும் அதே டி எழுத்தைக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒன்றும் திறக்காது.

*நடுவில் ரெகவரி பிரிவு (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் சிறு பிரிவு) நிற்கிறது என்றால்*, இது எஸ்எஸ்டி மாற்றிய பிறகு வரும் தலைவலி. 256 ஜிபியிலிருந்து 512 ஜிபிக்கு அப்படியே குளோன் எடுத்தால் புதிய இடம் ரெகவரிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். ரெகவரியின் மேல் வலது கிளிக் செய்தால் ‘ஹெல்ப்’ தவிர எதுவும் வராது. இடது ஓர விஷயத்தில் நான் வளைந்து கொடுப்பது இங்கே மட்டும்தான்: ரெகவரி பிரிவு பொதுவாக 1 ஜிபிக்குள் இருப்பதால் ஜிபார்ட்டெட் லைவ் (விண்டோஸ் ஓடாமலே பிரிவுகளை மாற்றும் இலவச மென்பொருள்) பென் டிரைவிலிருந்து அதை வலது கோடிக்குத் தள்ள ஒரு சில நிமிடம் போதும். அதற்கு முன், ரெகவரியைத் தற்காலிகமாக நிறுத்த, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைத் திரையில் ரீஏஜென்ட்-சி கட்டளையை ஸ்லாஷ் டிசேபிள் என்று கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஸ்லாஷ் எனேபிள். கடைசியாக ஸ்லாஷ் இன்ஃபோ கொடுத்தால் ‘எனேபிள்டு’ என்று வர வேண்டும்.

விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவியில் ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’ (override) கொடுத்து ரெகவரியை அழிக்கும் வழியும் உண்டு. அந்தக் கட்டளை எதையும் கேட்காது, சொன்னதைச் செய்துவிடும். வெளி டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணை மட்டும் நம்பாமல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.

*கறுப்புக்குப் பதில் இளம்பச்சையில் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்றால்*, அது பிரிவுப் பட்டியலைப் பழைய எம்பிஆர் முறையில் எழுதிய டிஸ்க். அந்த இடம் எக்ஸ்டெண்டெட் பிரிவின் (வேறு பிரிவுகளை உள்ளே வைத்திருக்கும் பெட்டி போன்ற பிரிவு) உள்ளே இருக்கிறது. அதற்கு வெளியே இருக்கும் சி-யால் எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் மற்றப் பிரிவுகளைப் பிரதி எடுத்துவிட்டு எக்ஸ்டெண்டெட்டையே கலைக்க வேண்டும்.

*கறுப்பு பக்கத்திலேயே இருந்தும் மங்கியிருந்தால்*, அந்தப் பிரிவு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் வழக்கமான முறை) தானா என்று பாருங்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் பிரிவுகளை விண்டோஸ் பெரிதாக்காது. அல்லது எம்பிஆர் டிஸ்க்கில் 2 டிபி எல்லையைத் தாண்டப் பார்க்கிறீர்கள். அதற்கு ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற வேண்டும், முழு பேக்அப் இல்லாமல் வேண்டாம்.

அறிகுறி 3: ஷ்ரிங்க் கொடுத்தால் மிகக் குறைந்த அளவே தருகிறது

200 ஜிபி காலியாக இருக்கிறது, விண்டோஸ் 6 ஜிபிதான் தருவேன் என்கிறது. டிஸ்க்கில் கோளாறு இல்லை. நகர்த்த முடியாத கோப்பு ஒன்று வலது பக்கம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

வழக்கமானவர்கள் மூவர்: ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள். முதலாவதை எடுக்க, அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளைத் திரையில் பவர்-சிஎஃப்ஜி கட்டளையை ஸ்லாஷ் எச் ஆஃப் என்று கொடுங்கள். இரண்டாவதுக்கு, அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் வெர்ச்சுவல் மெமரியை ‘நோ பேஜிங் ஃபைல்’ ஆக்குங்கள். மூன்றாவதுக்கு சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்துங்கள். பழைய ரெஸ்டோர் புள்ளிகள் போய்விடும் என்பது தெரிந்திருக்கட்டும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் கொடுங்கள். முடிந்ததும் மூன்றையும் திரும்பப் போட்டுவிடுங்கள், பேஜ் ஃபைல் இல்லாமல் 4 ஜிபி ரேம் கம்பியூட்டர் திணறும்.

இன்னும் நகரவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தக் கோப்பு தடுத்தது என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும். விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்தால், விண்டோஸ் ஓடாத நேரத்தில் ஜிபார்ட்டெட் லைவிலிருந்து சுருக்குவதே வழி. டிஃபிராக் செய் என்று யாராவது சொன்னால், எஸ்எஸ்டியில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். பயனும் இல்லை, தேய்மானம்தான் மிச்சம்.

ஜிபார்ட்டெட்டில் பிரிவுக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் வந்தால் விண்டோஸ் முழுதாக மூடப்படவில்லை என்பது பெரும்பாலும் காரணம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அப்படித்தான் பாதித் தூக்கத்தில் விட்டுவிடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அதற்கும் போகாவிட்டால் சி-யின் புரொபர்ட்டீஸில், டூல்ஸில் ‘செக்’ ஓட்டிவிட்டு வாருங்கள்.

அறிகுறி 4: ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றப்படும்’ என்று கேட்கிறது

‘நோ’. யோசிக்க வேண்டியதில்லை.

எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு பிரைமரி பிரிவுகளுக்கு மேல் போக முடியாது. ஐந்தாவதைக் கேட்டதும் விண்டோஸ், வழக்கமான பேசிக் டிஸ்க்கைத் தன் சொந்த டைனமிக் முறைக்கு மாற்றும் இதை உதவி போலக் காட்டும். ‘யெஸ்’ கொடுத்தால் தரவு அழியாது, ஆனால் விண்டோஸின் சொந்தக் கருவியால் மறுபடி பேசிக் டிஸ்க் ஆக்க எல்லாப் பிரிவுகளையும் அழிக்க வேண்டும். லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த கம்பியூட்டர் என்றால் அது பூட் ஆகாமல் போகலாம். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் அதற்கு மேல் எதையும் செய்யாமல் முதலில் பிரதி எடுங்கள்.

அறிகுறி 5: அப்டேட் 80070643 என்ற எண்ணோடு நிற்கிறது

2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 அப்டேட்டோடு பரவலானது. ரெகவரி பிரிவில் போதிய இடம் இல்லாததுதான் காரணம். மைக்ரோசொஃப்ட் சொன்ன தீர்வு, சி-யை 250 எம்பி சுருக்கி அந்த இடத்தை ரெகவரிக்குக் கொடுப்பது. இது வலது ஓர வேலை, சி-க்கு ஆபத்துக் குறைவு. ஆனால் இதே எண் வேறு அப்டேட்களிலும் வேறு காரணங்களுக்கு வரும். அப்டேட்டின் பெயரைப் பார்க்காமல் பிரிவில் கை வைக்காதீர்கள்.

அறிகுறி 6: நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

பிட்லொக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பிரிவுகளோ பூட் அமைப்போ மாறினால் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். நான் போடவே இல்லையே என்பார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் பெரும்பாலான லெப்டொப்களில் அது தானாகவே போட்டுக்கொள்ளும்.

சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் உள்நுழைந்து பாருங்கள். வீட்டுக் கம்பியூட்டரில் இது சுலபம். பாடசாலைக் கம்பியூட்டரில்தான் சிக்கல்: முதலில் உள்நுழைந்தது யாருடைய கணக்கு? இடமாற்றம் பெற்றுப் போன டீச்சருடையதாக இருந்தால் அவருக்கு ஒரு கோல் எடுக்க வேண்டியதுதான். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளை அவரிடம் சொன்னால் சரியான சாவியைக் கண்டுபிடிப்பார்.

சாவி கிடைக்கவே இல்லை என்றால் காசு கொடுத்தும் பயனில்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால்தான், அளவு மாற்றுவதற்கு முன்பே சாவியைத் தாளில் எழுதி வைத்து, கன்ட்ரோல் பேனலில் பிட்லொக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்துவிட வேண்டும்.

அறிகுறி 7: வேலை பாதியில் நின்றுவிட்டது

*திரை உறைந்து நிற்கிறது, ஆனால் டிஸ்க் விளக்கு மினுங்குகிறது.* ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுவிடுங்கள், இரவு முழுக்க ஆனாலும் சரி. பவர் பட்டனைப் பிடித்து அழுத்துவதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து.

*கரண்ட் போய் வந்தது. டிரைவைத் திறந்தால் ‘ஃபார்மெட் செய்ய வேண்டும்’ என்கிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரோ (RAW, உள்ளே இருப்பது அடையாளம் தெரியவில்லை) என்று காட்டுகிறது.* ‘கேன்சல்’. ஃபார்மெட், இனிஷியலைஸ் இரண்டும் வேண்டாம். எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மெட்கூடத் தரவை மீட்க முடியாதபடி அழித்துவிடக்கூடும். ட்ரிம் என்ற வசதி வெற்றிடம் என்று சொல்லப்பட்ட பகுதிகளை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடும். பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் இப்போது வேண்டாம், எல்லை தப்பாக இருக்கும் பிரிவில் அது இருப்பதையும் குலைக்கும்.

செய்ய வேண்டிய முதல் வேலை, முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே குளோன் எடுப்பது. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் லைவில் டிடிரெஸ்கியூ என்ற கருவி இதைச் செய்யும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை இரண்டு தரம் பாருங்கள். பிறகு குளோனில், தொலைந்த பிரிவுகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள்: அனலைஸ், பிறகு குயிக் சேர்ச். கண்டுபிடித்த பிரிவின் மேல் நின்று பி எழுத்தை அழுத்தினால் கோப்புப் பட்டியல் வரும். உங்கள் கோப்புகள் பெயரோடு தெரிந்தால் மட்டும் ‘ரைட்’ கொடுங்கள். தெரியவில்லை என்றால் எழுதாமல் வெளியே வாருங்கள்.

*நகர்ந்துகொண்டிருந்தது இடது ஓரம் என்றால்* டெஸ்ட்டிஸ்க் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதித் தரவு பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். தொழில்முறை மீட்பாளருக்கான வேலை இது, கம்பியூட்டரை மூடிவிட்டு எடுத்துப்போங்கள்.

அறிகுறி 8: அளவு மாற்றிய பிறகு விண்டோஸ் ஏறவில்லை

பெரும்பாலும் தரவு பத்திரமாக இருக்கும், வழிகாட்டும் கோப்புதான் தொலைந்திருக்கும். பயந்துபோய்ப் புது விண்டோஸ் ஏற்றுபவர்களால்தான் இழப்பு.

முதலில் பயோஸில் பூட் வரிசையைப் பாருங்கள். லினக்ஸ் பிரிவை அழித்த பிறகு கறுப்புத் திரையில் ‘கிரப்’ (லினக்ஸின் பூட் மென்பொருள்) என்று வந்து நின்றால், பயோஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்தாலே போதும். அடுத்தது, விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து ஏறி ‘ரிப்பேர்’ போய் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதற்கும் சரிவராவிட்டால் அதே இடத்தில் கட்டளைத் திரையைத் திறந்து பிசிடி-பூட் கட்டளையால் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதலாம். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

அறிகுறி 9: லினக்ஸில் டிஸ்க்கைப் பெரிதாக்கியும் இடம் கூடவில்லை

பிரிவு வேறு, அதற்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல்சிஸ்டம் வேறு. பெரிதாக்கும்போது முதலில் பிரிவு, பிறகு ஃபைல்சிஸ்டம். சுருக்கும்போது முதலில் ஃபைல்சிஸ்டம், பிறகு பிரிவு. இந்த வரிசையைச் சுருக்கும்போது மாற்றினால் வால் பகுதி வெட்டுப்படும். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாகும், சுருக்க அதை அன்மவுன்ட் (பயன்பாட்டிலிருந்து கழற்ற) செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொன்றைச் சுருக்கலாம் என்று எண்ணவே வேண்டாம், பிரதி எடுத்துப் புதிதாக அமைப்பதுதான். உபுண்டு சேர்வரை எல்விஎம்மோடு (பிரிவுகளைப் பிறகு எளிதாகக் கூட்டிக் குறைக்கும் லினக்ஸ் வசதி) நிறுவினால் டிஸ்க்கின் ஒரு பகுதியை ஒதுக்காமலே விட்டுவிடும். எல்வி-எக்ஸ்டெண்ட் கட்டளையோடு ஆர் என்ற தெரிவைச் சேர்த்தால் எல்விஎம் பிரிவும் ஃபைல்சிஸ்டமும் ஒன்றாகப் பெரிதாகும்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால், பயோஸிலேயே தெரியாமல் போய் வந்தால், பிரதி எடுக்கும்போது வேகம் விழுந்து அப்படியே நின்றால், உடனே மூடுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தலைப்பகுதி தட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற கதையைக் கேட்காதீர்கள், நுவரெலியாக் குளிரே போதுமான ஈரத்தைக் கொடுத்திருக்கும். மூடியையும் திறக்க வேண்டாம்.

சுத்த அறையில் டிஸ்க்கைத் திறந்து செய்யும் மீட்புக்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் டிஸ்க்கைக் கழற்றி, ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு, துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் எறிந்தால் கினிகத்தேனை வளைவுகளே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பார்வையிடக் கட்டணம் எவ்வளவு, மீளாவிட்டாலும் காசா, காசு கட்டும் முன் கோப்புப் பட்டியலைக் காட்டுவார்களா. நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஃபார்மெட்’ அழுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், எங்கே தேடுவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.